மூலிகைக்காரியும் கொலையும்: சிற்றூர்த் துப்பறியும் நாவலிற் பெண்ணறிவின் இடம்

துப்பறியும் நாவலை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்வதில் நம்மிடையே ஒரு கூச்சம் நெடுங்காலமாக இருந்துவருகின்றது. புகைவண்டியிற் படித்து, இறங்கும்போது இருக்கையிலேயே விட்டுச்செல்லும் நூல்களுக்குப் பல்கலைக்கழக ஏடொன்றில் இடமளிப்பது காலவிரயம் என்று கருதுவோர் உளர். ஆயின், பெருந்தொகையான வாசகர் தாமாகவே தேடிப் படிப்பதனை ஒதுக்கிவிட்டு ஒரு சமுதாயத்தின் கருத்துநிலையை அறிய முற்படுவது ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதாகவே முடியும். பெல்ஜிய மார்க்சியப் பொருளியலாளரான ஏர்ணஸ்ற் மண்டெல் குற்றக்கதையின் சமூக வரலாற்றினை 1984இல் தனிநூலாகவே எழுதினார். சமூக முரண்பாடுகளைத் தனிமனிதனது குற்றமாகக் குறுக்கி, மரணத்தை விடுவிக்கப்பட வேண்டிய புதிராக்கி, சொத்துடைமை ஒழுங்கு குலையவில்லை என்னும் ஆறுதலை வாசகனுக்கு வழங்குவதே இவ்விலக்கிய வகையின் தொழிற்பாடு என்பது அவரது வாதத்தின் சாரம். அவ்வாதம் பெரிதும் ஏற்கத்தக்கதே. எனினும், இவ்வகையின் ஒரு சிறு கிளையைப் பொறுத்தவரை அது ஒரு கேள்வியைத் தொடாமலே சென்றுவிடுகின்றது. அக்கேள்வி அறிவு யாருக்கு உரியது என்பது பற்றியது.

நாம் இங்கு நோக்கும் கிளை, சிற்றூர் ஒன்றில் மூலிகைகளோடு வாழும் பெண்ணொருத்தி, பொலிஸ் உத்தியோகமோ துப்பறிவாளர் அனுமதிப்பத்திரமோ இன்றிக் கொலையாளியைக் கண்டுபிடிக்கும் கதைகளாகும். பதிப்புலகில் 'கோசி' (இதமானது) எனச் செல்லமாக வழங்கும் வகையுள் இவை அடங்கும். இரத்தம் அதிகம் சிந்தாது, வசைமொழி கேளாது, ஊரார் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்திருப்பர். இவற்றுள் நீண்டகாலம் தொடர்ந்தது சூசன் விற்றிக் அல்பேர்ட் என்னும் அமெரிக்க எழுத்தாளரின் சைனா பெய்ல்ஸ் வரிசையாகும். 1992இல் வெளிவந்த 'டைம் ஒஃப் டெத்' முதலாக இருபத்தைந்துக்கு மேற்பட்ட நாவல்கள் இவ்வரிசையில் வந்துள்ளன. இந்நாவல்களில் மூலிகை பற்றிய அறிவு துப்பறியும் முறையாகத் தொழிற்படுகின்றதா, அன்றிக் கடைச்சரக்கின் அலங்காரமாக நின்றுவிடுகின்றதா என்பதே நமது வினா.

வினாவின் கனத்தை உணர்வதற்கு இரண்டு நூற்றாண்டுகள் பின்செல்லுதல் வேண்டும். ஆங்கில வைத்தியரான வில்லியம் விதரிங் 1785இல் பொக்ஸ்குளோவ் செடியின் மருத்துவப் பயன்களைப் பற்றிய தமது புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். உடலில் நீர்கோத்து வீங்கும் நோய்க்கு அச்செடி தரும் பயனை நூற்றுக்கு மேற்பட்ட நோயாளரின் விபரங்களோடு அந்நூல் நிறுவிற்று. இன்றும் இருதய வைத்தியத்தில் இடம்பெறும் டிஜிட்டாலிஸ் வகை மருந்துகளின் வரலாறு அதிலிருந்தே தொடங்குகின்றது. 1775இல் தமது பார்வைக்கு வந்த குடும்பக் கைமருந்து ஒன்றே ஆய்வுக்குத் தூண்டுதலாயிற்று என்பதை விதரிங் மறைக்கவில்லை. ஷ்ரொப்ஷயர்ப் பகுதியைச் சேர்ந்த கிழவி ஒருத்தி அதனை நெடுங்காலம் இரகசியமாக வைத்திருந்தாள் என்றும், முறையான வைத்தியர் கைவிட்டோர் சிலரை அவள் குணப்படுத்தினாள் என்றும் அவர் எழுதியுள்ளார். இருபது அல்லது அதற்கு மேற்பட்ட மூலிகைகள் அடங்கிய அந்த மருந்தில் தொழிற்படுவது பொக்ஸ்குளோவே எனக் கண்டது அவரது திறமை. அதில் ஐயமில்லை. ஆனால் அக்கிழவியின் பெயரை அவர் எழுதவில்லை.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. இருபதாம் நூற்றாண்டில் அவளுக்கு 'ஹட்டன் கிழவி' என்று ஒரு பெயர் வழங்கலாயிற்று. வைத்திய வரலாற்று நூல்களிலும் அது ஏறிவிட்டது. பின்னர் ஆராய்ந்தபோது அப்பெயருக்கு 1928இல் ஓர் அமெரிக்க மருந்து நிறுவனம் வெளியிட்ட விளம்பரப் படத்தைத் தவிர வேறு மூலம் இல்லையென்று தெரியவந்தது. விஞ்ஞானம் பெயரில்லாமல் விட்டவளுக்கு வணிகமே பெயர் சூட்டியது.

1973இல் பார்பரா ஏறன்றைக், டியட்ரி இங்கிலிஷ் ஆகிய இருவரும் எழுதிய சிறு பிரசுரம் ஒன்று இத்தகைய பெண்களை அரசியற் பொருளாக்கிற்று. சூனியக்காரிகள் எனக் கொல்லப்பட்டோர் கிராமத்து மருத்துவிச்சிகளும் மூலிகைக்காரிகளுமே என்றும், ஆண்களின் வைத்தியத் தொழில் அவர்களை ஒழித்தே எழுந்தது என்றும் அது வாதித்தது. பிற்கால வரலாற்றாசிரியர், குறிப்பாக 1990இல் டேவிட் ஹார்லி, மருத்துவிச்சிகள் பெருந்தொகையாகச் சூனியக்காரிகளென விசாரிக்கப்பட்டமைக்கு ஆதாரம் மிகக் குறைவு எனக் காட்டினர். ஆகவே அப்பிரசுரத்தை வரலாறாகக் கொள்ளல் ஆகாது. ஆயினும் பெண் விடுதலை இயக்கத்தின் அக்கால வாசகியர் பலர் மூலிகைக்காரியைத் தம் மூதாதையாகக் கண்டுகொண்டமைக்கு அது வழிவகுத்தது. மூலிகைக்காரி நாவலின் கதாநாயகியாவதற்கான நிலம் இவ்வாறு பண்பட்டது எனலாம்.

துப்பறியும் நாவலில் நஞ்சும் பெண்ணும் சேர்ந்தது அதற்கும் முன்னராகும். முதலாம் உலகப்போரின்போது டோர்க்கீ நகர வைத்தியசாலையின் மருந்துக் கலவைச் சாலையில் வேலைசெய்த அகதா கிறிஸ்ரி, அங்கு பெற்ற அறிவைக் கொண்டே 1920இல் வெளிவந்த தமது முதல் நாவலை எழுதினார். அவரது மிஸ் மார்ப்பிள் தோட்டம் அறிந்தவள், ஊர் அறிந்தவள். 1932இல் வெளியான 'பதின்மூன்று பிரச்சினைகள்' என்னும் தொகுதியில், சமையலுக்கான சேஜ் இலையோடு பொக்ஸ்குளோவ் இலையும் கலந்து விருந்தினர் அனைவரும் நோயுற, ஒருத்தி மட்டும் இறந்துபோகும் கதையொன்று உண்டு. விதரிங்கின் செடியே இங்கு மீண்டும் வருகின்றது. ஆனால் மிஸ் மார்ப்பிள் அப்புதிரை விடுவிப்பது இலையைப் பார்த்தன்று. இளம்பெண்மீது முதியவர் கொள்ளும் ஆசை பற்றிய தனது ஊரறிவைக் கொண்டே அவள் உண்மையை எட்டுகின்றாள். இலை ஒரு திரை. மனித சுபாவமே சாட்சி. பின்வந்த மூலிகைக் கதாநாயகியர் பலரும் இவ்வழியையே பின்பற்றினர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

மூலிகையே துப்பறியும் முறையாக அமைந்த கதையைக் காணவேண்டின் எலிஸ் பீற்றர்ஸ் என்ற புனைபெயரில் எழுதிய ஈடித் பார்ஜெற்றரிடம் செல்லவேண்டும். அவர் பிறந்ததும் ஷ்ரொப்ஷயரிலே. இளமையில் மருந்துக்கடை ஒன்றில் உதவியாளராக வேலைசெய்தவர். அவரது துப்பறிவாளர் பெண்ணல்லர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷ்ரூஸ்பரி மடத்தின் மூலிகைத் தோட்டத்தைப் பராமரிக்கும் துறவி கட்பேல். 1980இல் வந்த 'மங்க்ஸ்ஹூட்' என்னும் நாவலில், மூட்டுநோவுக்குப் பூசுவதற்காகக் கட்பேல் தன் கையாற் காய்ச்சிய எண்ணெயே கொலைக்கருவியாகின்றது. அச்செடி நம் வைத்திய நூல்கள் வச்சநாவி எனக் கூறும் நஞ்சுக்கு இனமானது. எண்ணெயின் மணமும், அது துணியில் விடும் கறையும், வாயிலும் தொண்டையிலும் உண்டாக்கும் எரிவும் விறைப்பும் காய்ச்சியவனுக்குத் தெரியும். ஆகவே கட்பேலின் விசாரணை தன் உழைப்பின் விளைவைத் தேடிச்செல்லும் உழைப்பாளியின் விசாரணையாகின்றது. தான் காய்ச்சியது கொன்றது என்ற பொறுப்பும் அவனை விடுவதில்லை.

இதைவிட முக்கியமானது கொலைக்கான காரணம். கொலையுண்டவன் நிலக்கிழான், சுதந்திரக் குடியானவனின் வழிவந்தவனை அடிமைக் குடியாக்கியவன், முறைசாரா உறவிற் பிறந்த மகனுக்கு ஆங்கிலச் சட்டத்தின் நிழலில் ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டவன். வேல்ஸ் நாட்டு வழமையோ தந்தை ஏற்றுக்கொண்ட மகனுக்கு, பிறப்பின் முறை பாராது, காணியுரிமை வழங்கும். இரண்டு சட்டங்களுக்கு இடையில் அகப்பட்ட ஒரு காணியே அக்கொலையின் ஊற்று. நிலமானிய உற்பத்தி உறவுகளை விளக்கக் கட்டுரை எழுதும் எண்ணம் பார்ஜெற்றருக்கு இருந்திருக்காது. எனினும் குற்றத்தின் வேரைக் காணியுறவில் வைத்ததனால் மண்டெலின் பொதுவிதிக்கு அவர் ஓர் இடையூறாகவே நிற்கின்றார்.

இனிச் சைனா பெய்ல்ஸிடம் வருவோம். அவள் ஹூஸ்டன் நகரிற் குற்ற வழக்குகளில் எதிரிகளுக்காக வாதாடிய சட்டத்தரணி. அத்தொழிலில் மனங்கசந்து அதனை உதறிவிட்டு, ஒஸ்டினுக்கும் சான் அந்தோனியோவுக்கும் இடையில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட பீக்கன் ஸ்பிரிங்ஸ் என்னும் டெக்சாஸ் சிற்றூரில் மூலிகைக் கடை நடத்துகின்றாள். கடையின் பெயர் ஒரு சிலேடை: காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் டைம் என்ற மூலிகையின் பெயரும் ஒரே ஒலியின. பக்கத்துக் கடை தோழி ரூபி வில்கொக்ஸினுடையது. பளிங்குக் கற்கள், குறிசொல்லும் சீட்டுக்கள், சோதிட நூல்கள் அங்கு விற்பனையாகும். நண்பனும் பின்னர் கணவனுமாகிய மைக் மக்குவெய்ட் முன்னாட் பொலிஸ் அதிகாரி.

அல்பேர்ட்டின் சொந்த வாழ்க்கையும் இவ்வழியே சென்றது. பேர்க்லியில் ஆங்கில இலக்கியத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, டெக்சாஸ் பல்கலைக்கழகத்திற் கற்பித்து, உயர் நிர்வாகப் பதவிகளும் வகித்தபின் 1980களின் நடுப்பகுதியில் அவ்வுலகை விட்டு வெளியேறியவர் அவர். உயர்பதவிகளைத் துறந்து தமக்குரிய வேலையைத் தாமே அமைத்துக்கொண்ட பெண்களைப் பற்றி அவர் எழுதிய புனைவல்லாத நூலொன்றும் முதல் நாவல் வந்த அதே 1992இல் வெளிவந்தது. இரண்டு நூல்களையும் அருகருகே வைத்து நோக்கினால் இவ்வரிசையின் உண்மையான பொருள் புலனாகும். இக்கதைகள் மூலிகையைப் பற்றியன என்பதிலும் பார்க்க, தன் உழைப்பின்மீது தானே ஆட்சி செலுத்த விரும்பிய மத்தியதர வர்க்கப் பெண்ணைப் பற்றியன என்பதே பொருந்தும். வாடகை, கணக்கு, மந்தமான வியாபாரம், அதனை ஈடுசெய்யத் தொடங்கும் தேநீர்ச்சாலை என்பன இந்நாவல்களில் மேலோட்டமாகச் சொல்லப்படவில்லை. சிறுவணிகத்தின் நாளாந்த நெருக்கடியைத் துப்பறியும் நாவலில் இவ்வளவு பொறுமையோடு எழுதியோர் சிலரே.

ஆனால் மூலிகை? நாவல்களின் பெயர்களையும் அவற்றில் நிகழும் மரணங்களையும் ஒப்பிட்டால் ஒரு விசித்திரம் தென்படும். 1994இல் வந்த 'ஹாங்மன்ஸ் றூட்' தூக்குக்காரனின் வேர் எனப் பொருள்படும். மென்மையான மனமுடைய தூக்குக்காரர் தம் வேலைக்கு வேண்டிய கொடுமையைப் பெற, பூனைகள் விரும்பும் கட்னிப் செடியின் வேரை மென்றனர் என்னும் நாட்டார் வழக்கிலிருந்து வந்த பெயர் அது. கதையில் விலங்குகள்மீது பரிசோதனை செய்யும் பேராசிரியர் தூக்கில் தொங்கக் காணப்படுகின்றார். வேருக்கும் அவரது சாவுக்கும் உள்ள தொடர்பு சொல்லளவிலேயே. 1995இன் 'ரோஸ்மேரி றிமெம்பெட்' நாவலில் ரோஸ்மேரி என்பது செடியன்று. சைனாவின் கணக்குகளைப் பார்க்கும் பெண்ணின் பெயர். 1998இன் 'சிலி டெத்' நாவலில் மிளகாய் கொல்வதில்லை. சமையற் போட்டியின் நடுவர் ஒருவர் உணவிற் கலந்த நிலக்கடலையால் ஒவ்வாமை ஏற்பட்டு இறக்கின்றார். 2000ஆம் ஆண்டின் 'மிசில்றோ மான்' நாவலிற் புல்லுருவி விற்பவன் வாகனம் மோதி மாய்கின்றான்.

அத்தியாயத் தலைப்பில் மூலிகைக் குறிப்புகள் நிற்கும். நூலின் இறுதியிற் சமையற் குறிப்புகள் வரும். இடையில் நடப்பது சட்டத்தரணியின் குறுக்கு விசாரணை. சாட்சியின் சொல்லில் முரண்பாட்டைக் கண்டு பிடிப்பதும், ஆவணத்தின் நாளைப் பார்ப்பதும், யாருக்கு இலாபம் என்று கேட்பதுமாகிய அவளது முறைமை அனைத்தும் ஹூஸ்டன் நீதிமன்றத்திற் கற்றவை. துறந்து வந்ததாகச் சொல்லப்படும் தொழிலே ஆபத்து வேளையிற் கைகொடுக்கின்றது. தேர்ந்து வந்த தொழில் நாவலுக்கு வாசனை ஊட்டுகின்றது. அறிவாக நிற்கவேண்டிய மூலிகை அட்டைப்பெயராகிவிட்டது. கடையில் அது எவ்வாறு பண்டமோ, நாவலிலும் அவ்வாறே பண்டமாகின்றது. இவ்வரிசையின் மீது வைக்கக்கூடிய மிகக் கடுமையான குற்றச்சாட்டு இதுவென்றே நான் கருதுகின்றேன்.

இக்குற்றச்சாட்டின் கனத்தை அறிய இன்னொரு தென்மேற்கு அமெரிக்க நாவலை அருகில் வைப்போம். ருடொல்போ அனயா 1972இல் வெளியிட்ட 'பிளெஸ் மீ, உல்ற்றிமா' நியூ மெக்சிக்கோச் சிற்றூர் ஒன்றின் குராந்தேராவை, அதாவது மெக்சிக்க மரபின் மூலிகை வைத்தியப் பெண்ணை, நடுநாயகமாக நிறுத்துகின்றது. அது துப்பறியும் நாவலன்று. ஆனால் அங்கும் கொலை உண்டு, பழி உண்டு, ஊர் பிளவுண்டு நிற்பதும் உண்டு. உல்ற்றிமா செடியைப் பிடுங்குமுன் அதனோடு பேசவேண்டும் எனச் சிறுவன் அந்தோனியோவுக்குக் கற்பிக்கின்றாள். வயலில் நடந்து, குனிந்து, தோண்டி, உலர்த்திப் பெறும் அறிவு அது. அவ்வறிவின் காரணமாகவே அவள் சூனியக்காரி என்ற பழியையும் சுமக்கின்றாள். மூலிகை அவளுக்கு வாழ்வும் ஆபத்தும் ஆகும். சைனாவுக்கோ அது வாழ்க்கைமுறை.

பீக்கன் ஸ்பிரிங்ஸுக்கு அண்மையிலுள்ள சான் அந்தோனியோ மெக்சிக்க மரபின் பெருநகரம். அந்நகரின் சதுக்கங்களில் 'மிளகாய் இராணிகள்' எனப்பட்ட மெக்சிக்கப் பெண்கள் இரவில் அடுப்பு மூட்டி உணவு விற்றுவந்தனர். சுகாதார விதிகளின் பெயரால் 1930களின் இறுதியில் அவர்கள் அகற்றப்பட்டனர். அவர்கள் விற்ற அதே உணவை 1977இல் டெக்சாஸ் சட்டசபை மாநிலத்தின் உணவாகப் பிரகடனம் செய்தது. மிளகாய்க் குழம்புப் போட்டியையே களமாகக் கொண்ட நாவலொன்றுக்கு இதனினும் பொருத்தமான பகைப்புலம் கிடைத்திருக்காது. அது அந்நாவலின் மையத்துக்கு வரவில்லை. மூலிகைக் கடையின் அலுமாரிகளிலும் குராந்தேராக்களின் மரபு இவ்வாறே ஓரத்தில் நிற்கின்றது.

இவ்வளவோடு நிறுத்தினால் அல்பேர்ட்டுக்கு அநீதி செய்தவராவோம். வரிசை வளரவளர அவரது பார்வை அகன்றது. 2003இல் வெளிவந்த 'இன்டிகோ டையிங்' இதற்குச் சான்று. இன்டிகோ என்பது இங்கு ஊரின் பெயர். கைவினைஞர் குடியேறிப் புத்துயிர் கொடுக்க முயலும் ஒரு நலிந்த ஊர். அங்கு சாயமூலிகைகள் பற்றிய பட்டறை நடத்தச் சைனா செல்கின்றாள். ஊரின் பெரும்பகுதிக்கு உடைமையாளன் நிலக்கீழ் உரிமையைத் திறந்தவெட்டுச் சுரங்க நிறுவனத்துக்கு விற்க முனைகின்றான், பின்னர் கொலையுண்கின்றான். அவுரியின் வரலாறு அறிந்த எந்த வாசகனுக்கும், 1859இல் வங்கத்து உழவர் நீலத் தோட்டத் துரைமாருக்கு எதிராக எழுந்தமையும், மறுவருடமே தீனபந்து மித்ரா 'நீல் தர்ப்பண்' நாடகத்தை வெளியிட்டமையும் நினைவுக்கு வராமற் போகா. டெக்சாஸ் நாவலுக்கு அந்த நினைவு இல்லை. இருக்கவேண்டும் என்பதும் இல்லை. ஆனால் ஒரு ஊரையே தோண்டி விற்கும் அதிகாரம் தனியொருவனுக்குச் சட்டப்படி உண்டு என்னும் உண்மையை அது வாசகன்முன் வைக்கின்றது. வாசகனும் கொலையுண்டவனுக்காகப் பெரிதும் வருந்துவதில்லை.

இங்கே இலக்கிய வகையின் விதி குறுக்கிடுகின்றது. கொலை நிகழ்ந்ததும் கேள்வி மாறிவிடுகின்றது. ஊரை விற்கும் உரிமை எவ்வாறு ஒருவனுக்கு வந்தது என்பது போய், அவனைக் கொன்றவர் யார் என்பது வந்துவிடுகின்றது. முன்னைய கேள்விக்கு விடைகாண ஊரார் கூடவேண்டும். பின்னையதற்கு ஒரு கெட்டிக்காரி போதும். மண்டெல் சொன்னது இங்கு அப்படியே பலிக்கின்றது. எனினும் முதற்கேள்வியை எழுப்பிய பின்னரே நாவல் அதனைக் கைவிடுகின்றது என்பதும், வாசகர் எல்லோரும் அதனைக் கூடவே கைவிடவேண்டும் என்ற நியதி இல்லை என்பதும் கவனிக்கற்பாலன.

அறிவின் உடைமை பற்றிய வினா நேரடியாகவே வருவது 2019இன் 'ஏ பிளெயின் வனிலா மேர்டர்' நாவலிலாகும். வனிலா ஓர்க்கிட் ஆராய்ச்சியிற் புகழ்பெற்ற தாவரவியற் பேராசிரியர் மரணமடைகின்றார். கைவிடப்பட்ட காதலி, மனக்குறையுள்ள மாணவர், பொறாமை கொண்ட சக விரிவுரையாளர், ஓர்க்கிட் கடத்தும் கூட்டத்தார் எனச் சந்தேகத்துக்குரியோர் பலர். நிறைமாதக் கர்ப்பிணியான பொலிஸ் தலைமையதிகாரி ஷீலா டோசன் விசாரணையை நடத்த, கடையில் வனிலா பற்றிய பட்டறையை நடத்தும் சைனாவும் அதிற் சேர்கின்றாள். முன்னைய நாவல்களைப் போலன்றிச் செடி இங்கு பெயரளவில் நிற்கவில்லை. அதனை யார் வளர்க்கலாம், யார் கடத்தலாம், யார் பெயரில் ஆய்வு வரலாம் என்பனவே கதையின் இழைகள். கொலைக்கும் மூலிகைக்கும் இடையே உண்மையான முடிச்சு விழுந்தவற்றுள் இதனையும் ஒன்றாகக் குறிப்பிடலாம்.

வனிலாவைத் தெரிந்தெடுத்ததில் ஆசிரியருக்கு நல்ல விவேகம் இருந்தது. மெக்சிக்கோவின் ரொட்டொனாக் மக்கள் பயிரிட்டு வந்த அக்கொடி, ஐரோப்பியர் தம் குடியேற்றத் தீவுகளுக்குக் கொண்டுசென்றபோது காய்க்க மறுத்தது. 1841இல் ரெயூனியன் தீவிலே பன்னிரண்டு வயதான எட்மன்ட் அல்பியஸ் என்னும் அடிமைச் சிறுவன், மெல்லிய குச்சியையும் பெருவிரலையும் கொண்டு பூவினை மகரந்தம் சேர்க்கும் முறையைக் கண்டான். பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஒருவர் அது தமது கண்டுபிடிப்பென உரிமை கோரினார். 1848இல் விடுதலை பெற்ற அல்பியஸ் 1880இல் வறியவனாகவே இறந்தான். அவனது முறை தீவெங்கும் பரவி, பின்னர் மடகஸ்கருக்கும் சென்றது. பூ விரியும் காலையில் ஒவ்வொரு பூவாகத் தொட்டு இவ்வேலையைச் செய்யும் பெண்களை ரெயூனியனில் 'மணமுடித்து வைப்போர்' எனப் பொருள்தரும் சொல்லால் அழைப்பர்.